பழச்சாறுப் பொறியும் கழுவும் பாடும்

கடையிலே பழச்சாறுப் பொறியொன்றை விலை பேசுபவர் எவரும் முதலிற் கேட்பது, அஃது எவ்வளவு விரைவாகச் சாறு பிழியும் என்பதையே. விற்பனையாளரும் அக்கேள்விக்கு ஆயத்தமாகவே நிற்பார். தோல் சீவிய கரட் இரண்டையும் அப்பிள் ஒன்றையும் பொறியின் வாயிலிட்டு அழுத்துவார். இமை கொட்டுவதற்குள் கண்ணாடிக் குவளை நிறைந்து நுரை ததும்பும். சுற்றி நிற்கும் பிள்ளைகள் கைகொட்டுவர். குடும்பத் தலைவரும் பணப்பையைத் திறப்பார். ஆனால் அக்கடையிலே எவரும் அப்பொறியைக் கழுவிக் காட்டுவதில்லை. கழுவிக் காட்டினால் அன்றைய வியாபாரம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர்.

நம்மவர் வீடுகளிலே அலுமாரியின் மேற்றட்டில், வாங்கி வந்த பெட்டிக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கும் பொருள்களுள் பழச்சாறுப் பொறிக்கு முதலிடம் கொடுக்கலாம். வாங்கிய முதல் வாரம் நாள்தோறும் சாறு. அடுத்த மாதம் ஞாயிறுதோறும் சாறு. அதன்பின் விருந்தினர் வந்தால் மாத்திரம். ஈற்றிலே விருந்தினருக்கும் சோடாப் போத்தல்தான். மோட்டார் பழுதடைந்ததா என்றால் இல்லை. பழம் கிடைக்கவில்லையா என்றால் அதுவும் இல்லை. ஒரு குவளைச் சாற்றுக்காக ஐந்தாறு பாகங்களைக் கழற்றி, சல்லடையின் கண்களிலே சிக்கிய தும்பைத் தேய்த்தெடுத்து, துடைத்து, உலர்த்தி, மீண்டும் பூட்டி வைக்கும் பாடே அதற்குக் காரணம். குடிப்பவர் ஐவர், கழுவுபவர் ஒருவர். அந்த ஒருவர் யாரென்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தாமும் அலுவலகத்துக்குப் புறப்படும் தாய்க்கு, காலைப்பொழுதில் ஒரு கால் மணி நேரம் சிறிய காலமன்று.

ஆகவே, கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பார்ப்போம். நன்றாகப் பிழியும் பொறி எது என்பதை விடுத்து, இலகுவாகக் கழுவக்கூடிய பொறி எது என்று தொடங்கினால், பணமும் மிஞ்சும். பொறியும் அலுமாரிக்கு மேல் ஏறாது.

தும்பும் பசையும்

பழத்தின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பொருளுக்குப் பெக்டின் என்று பெயர். ஜாம் காய்ச்சும் பெண்கள் அதன் வலிமையை நன்கறிவர். ஜாம் இறுகுவது அதனாலேயே. பழத்தை அரைக்கும்போது இந்தப் பெக்டினும், பழத்தின் சீனியும், மெல்லிய தும்பும் கலந்து பொறியின் உட்புறமெங்கும் படிகின்றன. ஈரமாக இருக்கும்வரை அவற்றை வெறும் தண்ணீரே அடித்துச் சென்றுவிடும். அரை மணி நேரம் காற்றுப்பட விட்டுவிட்டாலோ, நீர் வற்றி, எஞ்சியது கோந்துபோல் இறுகிவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடதாசி ஒட்டுவதற்குக் கூட அது போதும். சல்லடையின் ஊசிமுனைத் துவாரங்களிலே அவ்வாறு இறுகியதை எடுப்பது, சீப்பின் பல்லிடுக்கில் அழுக்கெடுப்பதைவிடக் கடினமான வேலை.

எடுக்காமல் விட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். இனிப்பும் ஈரமும் சேர்ந்த இடம் மதுவத்துக்கும் பூஞ்சணத்துக்கும் தாய்வீடு. எஞ்சிய தும்பு ஓரிரவில் புளித்து மணக்கும். சிறிய பழ ஈக்கள் மொய்க்கும். மறுநாள் பிழியும் சாறு அந்தப் புளிப்பையும் கிருமியையும் வாரிக்கொண்டே குவளைக்குள் இறங்கும். சோற்றுப் பானையிலே சிறிது அழுக்கிருந்தாலும் நெருப்பு அதனைக் காய்ச்சிக் கொன்றுவிடுகிறது. பழச்சாற்றுக்கு நெருப்பின் காவல் இல்லை, பச்சையாகவே குடிக்கிறோம். அதுவும் யாருக்குக் கொடுக்கிறோம்? பெரும்பாலும் நோயிலிருந்து எழுந்தவருக்கும், முதியவருக்கும், குழந்தைகளுக்குமே கொடுக்கிறோம்.

1996 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே, ஒட்வல்லா என்னும் நிறுவனம் வெப்பமூட்டாது விற்ற அப்பிள் சாற்றிலே ஈ. கோலை என்னும் பக்டீரியாவின் கொடிய வகையொன்று கலந்திருந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், குழந்தையொன்று உயிரிழந்தது. அங்கே குற்றம் வீட்டுப் பொறியின்மீது இல்லை, உண்மைதான். ஆயினும் பச்சைச் சாறு எவ்வளவு எளிதாகக் கேட்டுக்கு இடங்கொடுக்கும் என்பதற்கு அது சான்று. பிழியுமுன் பழத்தைத் தோலோடு ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதும், பிழிந்தபின் பொறியைக் கழுவுவதும் ஒரே காவலின் இரு பாதிகள். தோல் உரித்து எறியும் தோடம்பழத்தையும் வெட்டுமுன் கழுவவே வேண்டும். கத்தி தோலிலிருந்து உள்ளே செல்லும்போது அழுக்கையும் உடன் கொண்டு செல்கிறதன்றோ?

கையாற் பிழியும் கருவிகள்

பொறி என்றவுடன் மின்சாரத்தையே நினைப்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. ஆனால் கழுவும் இலகுவைக் கொண்டு மதிப்பிட்டால், முதற் பரிசு பெறுவது நடுவிலே வரிவரியான கூம்பு எழுந்து நிற்கும் கண்ணாடித் தட்டுத்தான். பாதியாக வெட்டிய தேசிக்காயையோ தோடம்பழத்தையோ அதன்மீது கவிழ்த்துத் திருகினால் சாறு சுற்றியுள்ள பள்ளத்தில் இறங்கும். விதை விளிம்பிலே தங்கும். தண்ணீர்க் குழாயின் கீழ் ஒருமுறை காட்டினால் வேலை முடிந்தது. இவ்வகைக் கருவிகளின் வரலாறு பழையது. துருக்கியிலே மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற குட்டாஹியா நகரில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எலுமிச்சை பிழியும் கருவிகள் வனையப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஜோன் தோமஸ் வைற் என்னும் கறுப்பினத்தவர் தாம் அமைத்த எலுமிச்சைப் பிழிகருவிக்கு 1896 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார்.

இரண்டு கைபிடிகளை அமுக்கித் தேசிக்காய் பிழியும் உலோகக் கருவியும் நம் சந்தைகளிலே தாராளமாகக் கிடைக்கிறது. அலுமினியத்தால் ஆனதை வாங்காதிருப்பது நன்று. தேசிப்புளி அலுமினியத்தை அரிக்கும். சில மாதங்களில் அதன் மேற்புறம் குழிகுழியாகி, அக்குழிகளிலே அழுக்குத் தங்கும். மேலே வர்ணம் பூசப்பட்டதும் அப்படியே. பூச்சு உரிந்து சாற்றில் விழும். துருப்பிடிக்காத உருக்கினால் ஆனது சற்று விலை கூடினாலும் நெடுங்காலம் உழைக்கும். பிழியும்போது விதை நசுங்காமற் பார்த்துக்கொள்ள வேண்டும். தேசிக்காயின் விதையிலே லிமோனின் என்னும் கசப்புப் பொருள் உண்டு. நாலைந்து விதைகள் நசுங்கினாற் போதும், கிண்ணம் முழுவதும் கசந்துவிடும்.

அழகுக்காகவே செய்யப்பட்ட பிழிகருவியொன்றும் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. பிரான்சு நாட்டு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்ராக், இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக 1990 இல் அமைத்தது அது. நெடிய மூன்று கால்களில் நிற்கும் சிலந்திபோல் இருக்கும். விதையையும் தும்பையும் தடுக்கச் சல்லடை அதில் இல்லை. நூதனசாலைகளிலே வைக்கத்தக்க பொருள் என்பதில் நமக்கு மறுப்பில்லை. குசினிக்கு அது வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

இதற்கு நேர்மாறாக, ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்துக்காக டீற்றர் ராம்ஸ், யூர்கன் குறொய்பெல் ஆகிய இருவரும் 1972 இல் வடிவமைத்த மின்சாரத் தோடம்பழப் பிழிபொறியைச் சொல்லலாம். வெண்ணிறமான உருளை, மேலே கூம்பு, அதன்கீழ் சாறு இறங்கும் கிண்ணம், பக்கத்திலே சிறிய மூக்கு. அந்த மூக்கைச் சற்று மேலே தூக்கிவிட்டால் சாறு சொட்டுவது நின்றுவிடும், மேசை அழுக்காகாது. கழுவ வேண்டிய பாகங்கள் யாவும் கையோடு கழன்று வரும். கழுவுபவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பொறி என்பது பார்த்தவுடனே தெரியும். பல்லாண்டு காலம் அது விற்பனையில் இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாயிருத்தல் கூடும். தோடை இனப் பழங்களை மாத்திரம் பிழியும் குடும்பத்துக்கு இந்த வகைப் பொறியே போதும். இதைவிடப் பெரியதை வாங்குவது வீண்செலவு.

சுழல்வதும் நசிப்பதும்

கரட், பீற்றூட், அப்பிள், இஞ்சி, அன்னாசி போன்றவற்றைச் சாறாக்க விரும்புவோரே பெரிய பொறிகளை நாடவேண்டும். அவை இருவகைப்படும்.

முதலாவது, சுழன்று பிழிவது. அடியிலே துருவிப் பற்கள் பதித்த தட்டு. அதனைச் சுற்றி நுண்ணிய துவாரங்களையுடைய உருக்குக் கூடை. இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 முதல் 14,000 முறை வரை சுழல்கின்றன. துருவப்பட்ட பழம் கூடையின் சுவரிலே மோத, சாறு துவாரங்களினூடே வெளியே தெறிக்கிறது. சக்கை மேலேறிப் பின்புறத்துப் பாத்திரத்தில் விழுகிறது. ஈரத் துணியைக் கையிற் பிடித்துச் சுழற்றினால் நீர் தெறிப்பதும் இந்தத் தத்துவத்தாலேயே என்பதை மாணவர்கள் உணர்வர். விரைவும் மலிவும் இதன் நன்மைகள். கழுவுவதில்தான் சிக்கல். அந்த நுண்துவாரக் கூடையே பொறியின் உயிர். அதுவே கழுவுபவரின் பகை. துவாரங்கள் அடைபட்டால் சாறு குறையும், கூடையின் நிறை ஒருபக்கம் சரிந்து பொறி நடுங்கும், சத்தமும் கூடும். ஆகவே அரைகுறையாகக் கழுவித் தப்பிக்கொள்ளவும் முடியாது. நடுவிலுள்ள துருவிப் பற்கள் விரலைக் கிழிக்கும். தூரிகையின்றி அங்கே கைவைத்தல் ஆகாது.

இரண்டாவது, மெதுவாக நசித்துப் பிழிவது. திருகாணி வடிவமான தடித்த தண்டொன்று நிமிடத்துக்கு நாற்பது முதல் நூறு முறை வரையே சுழன்று, பழத்தை ஒரு சல்லடையோடு வைத்து நெரிக்கிறது. நல்லெண்ணெய் ஆட்டும் செக்கை நினைத்துக்கொண்டால் இதன் இயல்பு விளங்கும். சத்தம் குறைவு, சாறும் சற்று அதிகம், கீரை வகைகளையும் பிழியலாம். நம் வீட்டு முற்றத்து வல்லாரையைச் சுழலும் பொறியிலிட்டால் இலை பறந்து சக்கையோடு சேர்ந்துவிடும். நசிக்கும் பொறியோ அதிலிருந்து பச்சைச் சாற்றைப் பிரித்துத் தரும். விலைதான் பன்மடங்கு. சுழலும் பொறியின் வேகத்தாற் சாறு சூடேறிச் சத்தெல்லாம் அழிந்துவிடும் என்று இதனை விற்பவர்கள் பயமுறுத்துவதுண்டு. பழம் அதற்குள் இருப்பது சில விநாடிகளே. அதற்குள் அடுப்பில் வைத்ததுபோற் சூடேற வழியில்லை. அந்தப் பேச்சை நம்பி மாத்திரம் பெரும்பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நசிக்கும் பொறியிலும் சல்லடை உண்டு. அதிலும் தும்பு சிக்கும். ஆனால் அண்மைக் காலத்திலே தென்கொரியாவின் ஹியூரோம் போன்ற நிறுவனங்கள், ஊசித் துவாரச் சல்லடையை நீக்கிவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு பாகங்களைச் செய்திருக்கின்றன. அவற்றைப் பூட்டும்போது நீண்ட மெல்லிய இடுக்குகள் உண்டாகின்றன. சாறு அவ்வழியே இறங்குகிறது. கழற்றினால் இடுக்கே இல்லை. ஆகவே சிக்கிய தும்பு தானாகவே விழுந்துவிடுகிறது. இலகுவாகக் கழுவும் பொறி என்னும் துறையிலே இது உண்மையான முன்னேற்றம்.

பிளெண்டரில் அடித்துத் துணியால் வடிக்கும் பழைய முறையையும் மறந்துவிடலாகாது. மாம்பழம், பப்பாசி, வாழைப்பழம் என்பவற்றுக்குச் சாறுப் பொறி சிறிதும் பொருந்தாது. அவை களியாகிச் சல்லடையை அடைத்துவிடும். வீட்டிலே பெரும்பாலும் இப்பழங்களே பயன்படுமாயின், இருக்கும் பிளெண்டரே போதும். அதனைக் கழுவுவதும் விளையாட்டுப் போன்றது: பாதியளவு வெந்நீரும் ஒரு துளி சவர்க்காரமும் இட்டு அரை நிமிடம் ஓடவிட்டு ஊற்றினால் அலகு வரை சுத்தமாகிவிடும். விளாம்பழத்தையும் கொடித்தோடம்பழத்தையும் எந்தப் பொறியிலும் இடாமல், கையாற் பிசைந்து அரிதட்டில் வடிப்பதே சாலச் சிறந்தது. பனம்பழம் பிசைந்து களி எடுத்தவர்களுக்கு இதிற் புதுமையில்லை. அந்தத் தும்பை வெல்லும் வீட்டுப் பொறி எதையும் நாம் கண்டதில்லை.

கழுவவே வேண்டாத பொறி

கழுவும் பாட்டிலிருந்து தப்புவதற்கு மனிதர் எவ்வளவு கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கின்றனர் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த கதையொன்று உண்டு. ஜூசெரோ என்னும் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் ஒரு பொறியை விற்பனைக்கு விட்டது. விலை 699 டொலர். வெட்டித் துண்டாக்கிய பழமும் காய்கறியும் அடைத்த பை ஒன்றை நிறுவனமே அனுப்பும். பையைப் பொறிக்குள் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் சாறு நேரே குவளைக்குள் விழும். வெறும் பையை எறிந்துவிடலாம். சாறு பொறியிலே படுவதேயில்லை. ஆகையால் கழுவ எதுவுமில்லை. முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 12 கோடி டொலரை அதில் இட்டிருந்தனர். 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விலை 399 டொலராகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் புளூம்பேர்க் செய்தி நிறுவனத்தார், அந்தப் பையைப் பொறியில் மாட்டாமல் இரு கைகளாலும் பிழிந்து பார்த்தனர். சாறு ஏறக்குறைய அதே அளவு, அதே வேகத்தில் வந்தது! செப்டெம்பரில் நிறுவனம் விற்பனையை நிறுத்திவிட்டது.

உலகம் இதைச் சொல்லிச் சிரித்தது. நாமும் சிரிக்கலாம். ஆயினும் கழுவும் வேலை ஒரு வேலையே அன்று என்று எண்ணும் ஆடவர்கள் இந்தக் கணக்கைச் சற்றுச் சிந்தித்துப் பார்த்தல் நன்று. அந்த வேலை இல்லையென்ற ஒரு வாக்குறுதிக்காக எழுநூறு டொலர் கொடுக்கவும் ஆட்கள் இருந்தனர். நம் வீடுகளில் அதே வேலை நாள்தோறும் இலவசமாக நடைபெறுகிறது.

கடையிலே செய்யவேண்டிய சோதனை

பொறியை வாங்கச் செல்லும்போது, வீட்டிலே அதனைக் கழுவப் போகிறவரே உடன் செல்ல வேண்டும். இது முதல் விதி. விற்பனையாளரிடம், "ஐயா, பிழிந்து காட்ட வேண்டாம், கழற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் கழற்றியபின் நீங்களே அதனைப் பூட்டிப் பாருங்கள். கடையிலே வெளிச்சத்தில் நின்று பூட்ட முடியாததை, காலை அவசரத்தில் ஒருநாளும் பூட்டமாட்டீர்கள். கழுவ வேண்டிய பாகங்களை எண்ணுங்கள். நான்கைந்து வரை பொறுக்கலாம். எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கை போனால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுவதே நல்லது.

அடுத்தது கை நுழையுமா என்பது. கிண்ணத்தின் அடிவரை உங்கள் விரல் சென்று தொடவேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் விரலுக்கு எட்டாத மூலைகளே பூஞ்சணத்தின் இருப்பிடம். உட்புற மூலைகள் வளைவாக இருப்பது நல்லது. சதுர மூலையும், பற்பலவாக மடிந்த விளிம்புகளும் தும்பைப் பிடித்து வைக்கும். நசிக்கும் பொறிகளிலே சக்கை வெளியேறும் துவாரத்தின்கீழ்ச் சிறிய றப்பர் அடைப்பு ஒன்று இருக்கும். அதனை இழுத்துத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் உள்ளே சிக்கிய சக்கையை நெருப்புக் குச்சியால்தான் தோண்டவேண்டி வரும். ஏனைய றப்பர் வளையங்களும் கழன்று வரவேண்டும். உறுதியாக ஒட்டிய வளையத்தின்கீழ் என்ன நடக்கிறதென்று எவருக்கும் தெரியாது. கழன்று வரும் வளையம் தொலைந்தால் வேறு கிடைக்குமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பழம் இடும் வாயின் அகலமும் கவனிக்கத்தக்கது. அகன்ற வாயாயின் அப்பிளை முழுதாகவே இடலாம். வெட்டும் பலகையும் கத்தியும் கழுவும் வேலை குறையும். ஆனால் அகன்ற வாயில் பிள்ளைகளின் கையும் நுழையும். மூடியைப் பூட்டினாலன்றி மோட்டார் ஓடாதவாறு காப்புப் பூட்டு அமைந்துள்ளதா என்பதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். மோட்டார் இருக்கும் அடிப்பாகம் வழவழப்பாகத் துடைக்கத்தக்கதாக இருக்கட்டும். பொத்தான்களைச் சுற்றிய பள்ளங்களில் சாறு வழிந்து ஒட்டினால் அதனைக் கழுவ முடியாது, துடைக்கத்தான் முடியும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பெரிதாக எண்ண வேண்டாம். அந்த இயந்திரம் நம் நாட்டில் மிகச் சில வீடுகளிலேயே உண்டு. இருந்தாலும், காய்ந்த தும்பை அது எடுப்பதில்லை.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்போடு கொண்டுவரும் பொறிகளைப் பற்றியும் ஒரு சொல். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட். டொறொன்ரோவில் வாங்கிய பொறியை இங்கே நேரே பொருத்தினால் மோட்டார் புகைந்து போகும். அளவு குறைக்கும் மின்மாற்றி வாங்கலாம். ஆனால் 800 உவாற் பொறிக்கு அதைவிடக் கூடிய வலுவுள்ள மாற்றி வேண்டும். அது கனமானது, விலையும் கூடியது. லண்டனிலிருந்து வருவதற்கு இத்தொல்லை இல்லை. மின்சாரம் எப்போதும் இருக்கும் என்று நம்புவதும் கடினம். 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் கைகொடுத்தது கண்ணாடித் தட்டுத்தான்.

கழுவும் முறை

பிழிந்த கையோடு, சாற்றைக் குடிக்க உட்காருமுன், ஒரு குவளைத் தண்ணீரை ஓடும் பொறிக்குள்ளேயே ஊற்றிவிட வேண்டும். சாறோடு சேர்ந்துவிடாமல் வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம் கழுவும் வேலையிற் பாதியைத் தீர்த்துவிடும். அதன்பின் மின்சாரத்தைத் துண்டித்து, பாகங்களைக் கழற்றி, அகன்ற சட்டியொன்றில் நீருக்குள் அமிழ்த்திவிட்டால், அரை மணி நேரம் கழித்துக் கழுவினாலும் பாதகமில்லை. காயவிடாதிருப்பதே இதன் சூட்சுமம். சல்லடையை எப்போதும் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகத் தேய்க்க வேண்டும். தும்பு உள்ளிருந்து சென்று அடைத்தது. வந்த வழியே அதனைத் திருப்பி அனுப்புவதுதான் இலகு. பெட்டியோடு தரும் தூரிகை தேய்ந்துவிட்டால் பழைய பற்தூரிகை போதும். உருக்குத் தும்பாலும் மணலாலும் தேய்த்தலாகாது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, கீறலில் அழுக்குத் தங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகர்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. அங்கே கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடே ஊறி வருவது. கேத்தலின் அடியிலே வெண்படலம் படிவதும் அதனாலேயே. அந்தப் படலம் சல்லடையின் கண்களிலும் மெல்ல மெல்லப் படிந்து அவற்றைச் சிறுக்கச் செய்யும். எவ்வளவு தேய்த்தாலும் சாறு குறைகிறதே என்று கவலைப்படுபவர்கள், பிழிந்தெடுத்த தேசிக்காய்க் கோதுகளை இளஞ்சூட்டு நீரிலிட்டு, அதில் சல்லடையை ஓர் இரவு ஊறவைத்துப் பார்க்கட்டும். வினாகிரியும் இவ்வேலையைச் செய்யும். புளி சுண்ணத்தைக் கரைத்துவிடும். இது பாடசாலை இரசாயனம்.

கரட் சாறு பட்ட பிளாஸ்டிக் பாகங்கள் செம்மஞ்சளாக மாறுவதைக் கண்டு சவர்க்காரத்தோடு போராட வேண்டாம். அந்த நிறப்பொருளாகிய கரோட்டின் நீரிற் கரையாது, எண்ணெயிற் கரையும். துணியிலே சிறிது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பின் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். எஞ்சியதை ஒருநாள் வெயிலில் வைத்தால் சூரியனே வெளுக்கச் செய்துவிடும். கழுவியபின் பாகங்களைப் பூட்டி வைக்காமல், காற்றுப்பட விரித்து உலர்த்தி, மறுநாள் தேவைப்படும்போது பூட்டுவதே நன்று. மூடிய ஈரத்திலே மணம் உண்டாகும்.

சாறும் பிள்ளைகளும்

இவ்வளவு பாடுபட்டுப் பிழியும் சாற்றை எவ்வளவு குடிக்கலாம் என்பதும் அறியத்தக்கது. பழத்தைக் கடித்துத் தின்னும்போது அதன் நார்ச்சத்தும் உடன் செல்கிறது, வயிறும் நிறைகிறது. சாறாக்கும்போது நார் சக்கையிலே போய்விட, சீனி முழுவதும் குவளைக்கு வந்துவிடுகிறது. மூன்று தோடம்பழங்களை ஒரே இருப்பில் தின்பவர் சிலர். அவற்றின் சாற்றை ஒரே மூச்சில் குடிப்பவர் பலர். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில், பழச்சாற்றிலுள்ள சீனியையும் நாம் தேநீரில் இடும் சீனியையும் ஒரே இனமாகவே எண்ணி, இரண்டும் சேர்ந்து நாளாந்த உணவுச் சக்தியின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017 இல், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பழச்சாறு கொடுக்கவே வேண்டாம் என்றும், மூன்று வயது வரை நாளொன்றுக்கு 120 மில்லிலீற்றருக்கு மேற்படலாகாது என்றும் கூறியது. நீரிழிவு உள்ளவர்கள் தம் வைத்தியரைக் கேட்காமல் நாள்தோறும் சாறு அருந்துதல் கூடாது. "இது இயற்கைச் சீனிதானே" என்னும் ஆறுதல் இரத்தத்துக்குத் தெரியாது.

ஆகையால் நால்வருள்ள குடும்பத்துக்கு ஒரு லீற்றர் பிழியும் பெரும் பொறி தேவைப்படுவது அரிது. சிறிய பொறி, சிறிய சல்லடை, சிறிய வேலை. பிழிந்ததை அன்றே குடித்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் உயிர்ச்சத்து 'சி' காற்றுப் பட்டுக் குறைந்துகொண்டே வரும்.

சக்கையை எறியாதீர்கள். கரட் சக்கையைத் தேங்காய்ப்பூவோடும் வெங்காயம், பச்சைமிளகாயோடும் சேர்த்துத் தேசிப்புளி விட்டால் நல்ல சம்பலாகும். றொட்டிக்கு மாக் குழைக்கும்போதும் சேர்க்கலாம். அன்னாசிச் சக்கையைச் சீனியும் கறுவாவும் இட்டுக் காய்ச்சினால் பாணுக்குப் பூசும் ஜாம் கிடைக்கும். தும்பு சற்றுப் பல்லிற் படும், அவ்வளவே. பீற்றூட் சக்கை மாத்திரம் கறிக்கு உதவாது. அதனை வாழையடியிற் போட்டுவிடுங்கள்.